‘எப்படிண்ணா’ வரைக்கும்

நல்லா நகர்ந்து உட்காருங்க சார், பரவாயில்லை. இந்தப் பை மட்டும் என் மடியிலயே இருக்கட்டும், கீழே வெச்சா பழம் நசுங்கிடும். சீர்ப் பை. தங்கச்சி பொண்ணுக்கு இன்னிக்குக் காதுகுத்து, செஞ்சி தாண்டி குலதெய்வம் கோயில்ல. நான் தாய்மாமன். என் மடியில உட்கார வெச்சுத்தான் குத்தணும். பன்னிரண்டு மணியோட நல்ல நேரம் முடியுது. இவங்க என்னடான்னா செங்கல் லாரி கவுந்துடுச்சுன்னு ரோட்டு நடுவுல நிறுத்தி வெச்சிருக்காங்க.

இன்ஜினையும் அணைச்சிட்டாரு பாருங்க. இப்போதைக்குக் கிளம்பற எண்ணம் இல்லைன்னு அர்த்தம். இறங்கி நடந்துடலாம்னு பார்த்தா படியில மூட்டை, கதவை ஒட்டினாப்புல இன்னொரு பஸ்சு. ஜன்னல் வழியா குதிக்கற உடம்பா இது? அந்த லாரிக்காரன் மட்டும் என் கையில கிடைச்சான்னு வைங்க.

என்ன வேலைன்னு கேட்டீங்க இல்ல. சினிமாதான். நடிகர் இல்லை, அது என் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும். ட்ரெய்லர் வெட்டறவன். குணசீலன்னு பேரு. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனா என் வேலையைப் பார்த்திருப்பீங்க. போன்ல வேற எதையோ தேடும்போது நடுவுல வந்து, உங்க கட்டை விரலை அப்படியே நிறுத்தியிருக்கும். அது நான்.

எல்லாரும் என்ன நினைக்கறாங்கன்னா, படத்துல இருக்கற நல்ல நல்ல இடத்தையெல்லாம் எடுத்து ஒட்டினா ட்ரெய்லர்னு நினைக்கறாங்க. அது கல்யாண ஆல்பம் சார். ட்ரெய்லர் வேற. உங்களை ஒரு மூச்சை உள்ளே இழுக்க வைக்கணும், வெளியே விட விடக்கூடாது. அந்த மூச்சை நீங்க தியேட்டர்ல டிக்கெட் வாங்கி உட்கார்ந்துதான் விடணும். அவ்வளவுதான் வேலை. ஒருத்தர் கேள்வி கேட்பாரு, இன்னொருத்தர் பதில் சொல்ல வாயைத் திறப்பாரு, அங்க படம் கருப்பாயிடணும். ஒரு நொடி சத்தமே இருக்கக் கூடாது. அப்புறம் டம்முனு ஒண்ணு. அந்த டம்மு எங்கிருந்து வருதுன்னு நினைக்கறீங்க? என் வீட்டு குக்கர் சார். விசிலைப் பதிவு பண்ணி, பின்னாலிருந்து முன்னால ஓட விட்டு, மெதுவாக்கினா, பாதாளத்துல யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கும். தமிழ்நாடே அதைக் கேட்டு பயந்திருக்கு. பருப்பு வெந்த சத்தம்.

ஒரு விஷயத்துல மட்டும் நான் ரொம்பக் கண்டிப்பு. படத்தை முழுசா பார்க்க மாட்டேன். துண்டு துண்டாத்தான் பார்ப்பேன், பாதிக்கு மேல சத்தத்தையும் குறைச்சுடுவேன். ஏன்னு கேளுங்க. முழுசா பார்த்தா படத்து மேல பாசம் வந்துடும். பாசம் வந்தா கை வெட்டாது. டாக்டர் சொந்தக்காரங்களுக்கு ஆபரேஷன் பண்ண மாட்டாரில்ல, அந்த மாதிரி. இத்தனை வருஷத்துல ஒரு படத்தைக் கூட நான் முழுசா பார்த்ததில்லைன்னா நம்புவீங்களா? இப்பல்லாம் வீட்டுல டிவியில கூட முடியலை. பாதியில கை ரிமோட்டுக்குப் போயிடுது.

‘விளக்கு எரியுற வீடு’ன்னு ஒரு படம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ட்ரெய்லர்... பார்த்தீங்களா. அதான், முகம் மாறுதே. படமும் பார்த்தீங்களா? முதல் நாளே, திண்டிவனத்துல? சரி, திட்டுங்க, பரவாயில்லை. திட்டிக்கிட்டேதான் எல்லாரும் வெளியே வந்தாங்க. ஆனா வந்தீங்க இல்ல? வேலையை விட்டுட்டு, வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கிட்டு வந்தீங்க. உங்களை அந்த சீட்டுல உட்கார வெச்சது யாரு? நான்.

அந்தப் படத்தை எடுத்தவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். பூங்குன்றன். என்கூட ஒரே ரூம்ல இருந்தவர், நல்ல மனுஷன்னு நானே பார்த்து தமயந்தியைக் கட்டி வெச்சேன். எங்க அப்பா அம்மா போனதுக்கு அப்புறம் எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான். எனக்குக் கல்யாணம் அது இதுன்னு ஒண்ணும் அமையலை. அதனால மாப்பிள்ளையோட முதல் படம்னா அது என் வீட்டுப் படம் சார். அதுக்கு வேற ஒருத்தன் ட்ரெய்லர் வெட்ட விடுவேனா?

படம் என்னன்னா, ஊர்க் கடைசியில ஒரு வீடு, அதுல ஒரு கிழவர் தனியா இருக்காரு, சாயங்காலமானா வாசல்ல விளக்கு வைக்கறாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். எனக்குத் தேவைப்பட்டதும் அவ்வளவுதான். தயாரிப்பாளர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, “குணா, ஒரு கிழவர் விளக்கேத்தறதைப் பார்க்க எவன் வருவான்?”னு கேட்டாரு. “நான் கூட்டிக்கிட்டு வர்றேன் சார்”னு சொன்னேன். சொன்ன வார்த்தையைக் காப்பாத்தினேனா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

எப்படிப் பண்ணினேன்னு சொல்றேன், யாருக்கும் சொன்னதில்லை. அந்தப் பெரியவர் கண்ணை அகல விரிச்சு, வாயைத் திறந்து, மூக்கு துடிக்க நிப்பாரே, அதைப் பார்த்துத்தானே நீங்க பயந்தீங்க? அது தும்மல் சார். படத்துல அடுத்த நொடி தும்முவாரு. தும்மலுக்கு முன்னால வெட்டினேன். ஒரு பொண்ணு மழையில திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே ஓடுமே, அது பக்கத்து வீட்டுப் பொண்ணு, கொடியில காயற துணியை எடுக்க ஓடுது. துணியைக் காட்டலை. கதவு ஒரு சீன்லேர்ந்து, நிழல் ஒரு சீன்லேர்ந்து. அப்புறம் அந்த வசனம். பெரியவர் வாசல்ல நின்னு, “உள்ளே யாரோ இருக்காங்க”ன்னு சொல்லுவாரு. படத்துல அதுக்கு அப்புறம் சிரிச்சுக்கிட்டு, “அப்படி நினைச்சுக்கிட்டா ராத்திரி சீக்கிரம் போயிடும்”பாரு. நான் ‘இருக்காங்க’ங்கறதோட நிறுத்திட்டேன். கருப்பு. குக்கர். பேரு.

பொய் சொன்னேனா? ஒரு பொய் கிடையாது. அவர் சொன்ன வார்த்தை, அவர் மூஞ்சி, அவர் வீட்டுக் கதவு. நான் வெளியிலேர்ந்து ஒரு துண்டு கூடக் கொண்டு வரலை. நான் சேர்க்கறவன் இல்லை சார், எடுக்கறவன்.

மாப்பிள்ளை வந்து பார்த்தாரு. என் ரூம் சாலிகிராமத்துல, ஜன்னல் கிடையாது, சத்தம் வெளியே போகக் கூடாதுன்னு சுவர் பூரா பஞ்சு அடைச்சிருக்கும். ஒரு தடவை பார்த்தாரு. இன்னொரு தடவை போடச் சொன்னாரு. அப்புறம், “மச்சான், இது என் படம் இல்லையே”ன்னாரு. “உங்க படம் உள்ளே பத்திரமா இருக்கு மாப்பிள்ளை, இது வாசல்ல நின்னு கூப்பிடறது”ன்னேன். “நீங்க படம் பார்த்தீங்களா மச்சான்?”னு கேட்டாரு. நான் என் கொள்கையைச் சொன்னேன், டாக்டர் கதையையும் சொன்னேன். அவர் எழுந்து போயிட்டாரு. பிடிச்சுப் போச்சு போலன்னு நினைச்சேன்.

முதல் நாள் எல்லா ஊரும் நிரம்பிடுச்சு. தயாரிப்பாளர் எனக்கு மாலை போட்டாரு. மதியக் காட்சியிலதான் ஆரம்பிச்சாங்க, “பேய் எங்கடா?”ன்னு கத்தல். நீங்க கத்தியிருக்க மாட்டீங்க, உங்களைப் பார்த்தாலே தெரியுது. ஆனா கத்தினாங்க. கிழவர் விளக்கேத்தும்போதெல்லாம் விசில். ஞாயித்துக்கிழமை படத்தைத் தூக்கிட்டாங்க. அதுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்? கூட்டிக்கிட்டு வர்றது என் வேலை, உட்கார வைக்கறது படத்தோட வேலை.

இதுல இன்னொண்ணு. அந்தப் பெரியவரா நடிச்சது நடிகர் இல்லை. மாப்பிள்ளையோட அப்பாவேதான். அந்தத் தும்மல் மூஞ்சியை எடுத்துக்கிட்டு ஆளாளுக்குக் கேலிப் படம் போட்டாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் வந்துக்கிட்டிருக்கு. கடைக்குப் போனா பசங்க ‘பேய்த் தாத்தா’ன்னு கூப்பிடறாங்களாம். அவர் வெளியே வர்றதையே நிறுத்திட்டாரு. சாயங்காலம் வாசல்ல கூட உட்காரறதில்லையாம். இதை தமயந்தி என்கிட்ட அழுதுக்கிட்டே சொன்னா. நான், “புகழ்ம்மா அது, எத்தனை பேருக்குக் கிடைக்கும்?”னு சொன்னேன். அன்னிக்கு போனை வெச்சவதான். நான் ஆறுதலாத்தான் சொன்னேன்.

அப்போ அவளுக்கு எட்டாம் மாசம். குழந்தை பொறந்ததை எனக்கு வேற யாரோ சொன்னாங்க. பேரு யாழ்மொழி. தொட்டில் போட்டப்போ கூப்பிடலை, முதல் பிறந்த நாளுக்குக் கூப்பிடலை. நான் அந்தக் குழந்தையை இன்னும் கையால தூக்கினதே இல்லை சார். போட்டோவுல பார்த்திருக்கேன். எங்க அம்மாவோட நெத்தி அப்படியே. ராத்திரி வேலை முடிஞ்சதும் அந்த போட்டோவைத்தான் பார்ப்பேன். வேற எதைப் பார்க்கறது? இப்போ எனக்கு வர்றதெல்லாம் பேய்ப் படம்தான். காதல் படம் எடுக்கறவன் கூட, ‘விளக்கு மாதிரி ஒண்ணு வெட்டிக் குடு குணா’ங்கறான். நானும் வெட்டறேன். ரெண்டு வருஷமா அந்தப் பஞ்சு ரூமுக்குள்ள கதவு திறக்குது, யாரோ திரும்பறாங்க, கருப்பாயிடுது. திரும்பத் திரும்ப அதேதான். சில நாள் வெளியே வந்து டீ குடிக்கும்போது யாராவது என்னைக் கூப்பிட்டா, திரும்பறதுக்குள்ள எங்கேயோ டம்முனு கேட்கற மாதிரி இருக்கும்.

என்னது, கிரேன் வருதாமா? கண்டக்டர் இதையேதான் அப்போலேர்ந்து சொல்றாரு. மணி என்ன? பத்தரை தாண்டிடுச்சா. ஐயோ. இங்கிருந்து எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். சரி, காத்திருப்பாங்க. தாய்மாமன் இல்லாம என்ன பண்ணிடுவாங்க?

போன வாரம்தான் சார் சமாதானம் ஆச்சு. முதல்ல மாப்பிள்ளைகிட்டேர்ந்து ஒண்ணு வந்துச்சு. ஒரு வார்த்தை கிடையாது, அந்தப் படத்தோட லிங்க் மட்டும். நான் திறக்கலை. வம்புக்கு அனுப்பியிருக்காருன்னு விட்டுட்டேன். மறுநாள் தமயந்தி தானே பேசிப் பதிவு பண்ணி அனுப்பியிருந்தா. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அவ குரல். கேளுங்களேன், நீங்களே கேளுங்க. இந்தப் பையை விட்டா சரிஞ்சுடும், போனை நீங்களே பிடிச்சுக்கோங்க. மேலேயே இருக்கு பாருங்க, தமயந்தின்னு. அதைத் தொடுங்க. ஆனா ஒண்ணு, “எப்படிண்ணா”ன்னு வந்ததும் நிறுத்திடணும். நான் தினமும் அப்படித்தான் கேட்கறேன். ஏன்னா... அதுக்கு மேல என்ன சார் வேணும்? அந்த இடத்துல அவ ஒரு மூச்சு இழுப்பா. நான் ட்ரெய்லர்காரன், நிறுத்த வேண்டிய இடம் எனக்குத் தெரியும். அதுக்கு மேல போனா பழசையெல்லாம் எடுப்பா, அழுவா. எதுக்கு?

ம், போடுங்க.

“அண்ணா, நான் தமயந்தி. பாப்பாவுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை காதுகுத்துண்ணா. நீ இல்லாம எப்படிண்ணா...”

பார்த்தீங்களா. நிறுத்துங்க. நிறுத்துங்க சார். அங்க இல்லை, மேலே தொடுங்க, கையைக் கொடுங்க இப்படி...

“...அவர்கிட்ட நான் பிடிவாதமா நின்னுட்டேன். என் அண்ணன் மடியிலதான் குத்தணும்னு. அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. லிங்க் அனுப்பினது அதுக்குத்தாண்ணா. படத்தை ஒரே ஒரு தடவை முழுசா பார்த்துட்டு வரட்டும், கடைசியில என் மாமனார் ஏன் விளக்கை அணைக்கறாருன்னு வந்து மாமாகிட்டயே சொல்லட்டும், அவர் கையாலயே குழந்தையை மச்சான் மடியில உட்கார வைக்கச் சொல்றேங்கறாரு. மாமாவும் சரின்னுட்டாரு. கோயிலுக்கு வர்றேன்னு சொல்லியிருக்காரு, ரெண்டு வருஷத்துல முதல் தடவையா வெளியே வர்றாரு. பார்க்காம மட்டும் வந்துடாதேண்ணா. அவர் கேட்பாரு. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நம்ம பெரியப்பா பையன் தாமோதரனை எதுக்கும் தயாரா இருக்கச் சொல்லியிருக்கோம். ஆனா நீ பார்ப்பேண்ணா. ஒரு வாரம் இருக்கே.”

...

இதை நான் கேட்டதில்லை சார்.

இல்லை, சத்தியமா. எனக்கு வந்த அன்னிலேர்ந்து ‘எப்படிண்ணா’ வரைக்கும்தான். அதுக்கு மேல வராதேன்னு சொல்லிடுவாளோன்னு பயம். ஒரு வாரம் சார். செவ்வாய்க்கிழமை பூரா நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். வேலையே இல்லை. மறுநாள் பாப்பாவுக்குப் பட்டுப் பாவாடை எடுக்கக் கடை கடையா ஏறி இறங்கினேன். அந்த நேரத்துல ரெண்டு தடவை பார்த்திருக்கலாம்.

சொல்லுங்க... ஆமா, கடைசிக்குத் தள்ளிப் பார்த்துடலாம். அது எனக்குத் தெரியாதா, என் தொழிலே அது. கொடுங்க போனை. இருங்க, சுத்துது... வந்துடுச்சு. கடைசி... இதோ. வாசல். பெரியவர் வர்றாரு. உட்காரறாரு. கையில என்னமோ வெச்சிருக்காரு, தெரியலை. உள்ளே திரும்பிப் பார்க்கறாரு. சிரிக்கறாரா? அழறாரா? விளக்கை அணைக்கறாரு. முடிஞ்சுடுச்சு.

ஏன் அணைச்சாரு?

யாராவது வந்துட்டாங்களா? இனிமே யாரும் வர மாட்டாங்கன்னா? அந்தக் கையில இருக்கறது என்ன? முன்னாடி எங்கேயோ வந்திருக்கும் அது. இதைப் பார்த்து ஒண்ணும் தெரியலையே சார். என்ன வேணா சொல்லலாம் போல இருக்கு. அவர் முன்னாடி போய் நின்னு என்ன வேணா சொல்ல முடியுமா? அவர் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு?

சார், நீங்கதான் படம் பார்த்தவராச்சே. முதல் நாளே பார்த்தேன்னீங்களே. சொல்லுங்க, அவர் ஏன் விளக்கை அணைக்கறாரு? ஒரு வரி சொன்னா போதும். நான் என் வார்த்தையில சொல்லிக்கறேன். சொல்லுங்க சார், ஏன் வெளியே பார்க்கறீங்க?

இடைவேளையிலயே எழுந்து வந்துட்டீங்களா.

பேய் வரலைன்னு.

...சரி. உங்களைச் சொல்லி என்ன. கூட்டிக்கிட்டு வந்தது நான்தானே.

இருங்க, முதல்லேர்ந்து போடறேன். ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடற படம், பரவாயில்லை, எவ்வளவு முடியுதோ அவ்வளவு. இந்த லாரி சீக்கிரத்துல நகராது, கிரேன் கிரேன்னு சொல்லிக்கிட்டேதானே இருக்காங்க. நீங்களும் பாருங்க சார், உங்களுக்கும் பாதி பாக்கி இருக்கு. இயர்போன்ல இந்தப் பக்கத்தை நீங்க காதுல வெச்சுக்கோங்க.

விடியற நேரம் போல இருக்கு. வாசல். பெரியவர் திரி திரிக்கறாரு. பஞ்சைப் பிரிச்சு, உள்ளங்கையில வெச்சு உருட்டி... எவ்வளவு நேரம் சார் இது ஒரே ஷாட்டா. நான்னா ரெண்டாவது நொடியில வெட்டியிருப்பேன். இந்த இடத்தை நான் பார்க்கவே இல்லை. நகம் உடைஞ்சிருக்கு பாருங்க அவருக்கு. கை நடுங்குது, ஆனா திரி நேரா வருது. ஒவ்வொண்ணா வரிசையா வைக்கறாரு. ஏதோ முணுமுணுக்கறாரு. என்னமோ பேரு சொல்றாரு, ஒவ்வொரு திரிக்கும் ஒரு பேரு. கேட்குதா உங்களுக்கு? சத்தத்தைக் கூட்டறேன். மறுபடி...

என்ன சத்தம் அது?

இன்ஜினா?

ஐயோ, எல்லாரும் சீட்டுல உட்காரறாங்களே. லாரியை எடுத்துட்டாங்களா? அதுக்குள்ளயா? கொஞ்சம் முன்னாடி வரைக்கும் அசையாம கிடந்துச்சே. சார், அந்தக் கண்டக்டர்கிட்ட சொல்லுங்க. கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்க சார், இன்னும் முதல் திரிக்கே யார் பேரு சொன்னாருன்னு எனக்குச் சரியாக் கேட்கலை.